கையகலம்

அம்மம்மாவின் அளவுகோல் அவருடைய வலது கை. வெட்டி மிஞ்சிய துண்டு எதுவானாலும் தரையில் விரித்து, விரல்களைச் சற்று அகட்டி அதன்மேல் கையை வைப்பார். நாலு பக்கமும் துணி வெளியே தெரிந்தால் அது போர்வைக்கு. கை துணியை மூடிவிட்டால் தலையணைக்கு. நீளம் இருந்து அகலம் போதாதது நாடாவுக்கு. அதற்குமேல் யோசனை கிடையாது. ஒரு பை துண்டுகளை அவர் பிரித்து முடிக்க ஒரு பானை சோறு வேகும் நேரம்கூட ஆகாது. இந்த வயதிலும் அந்த வேகம் எனக்கு வரவில்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது யாருடைய சட்டை என்று நினைத்துக்கொண்டே இருந்துவிடுகிறேன்.

திருகோணமலையில் எங்கள் வீடு டொக்யார்ட் வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் இருந்தது. அம்மப்பா கடற்படைத் துறைமுகத்தில் பாயும் கித்தானும் தைக்கிற இடத்தில் வேலை செய்தவர். 1957 ஒக்ரோபரில் பிரித்தானியர் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனபோது அவருடைய வேலையும் போனது. அங்கிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தவை கொஞ்சம் கித்தான் துண்டுகளும் ஒரு தோல் கைப்பட்டியும். பெருவிரல் நுழைய ஓட்டை விட்டு, உள்ளங்கையைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் தடித்த தோல் அது. பெருவிரலின் அடிமேட்டுக்கு நேராகக் குழிகுழியாய் ஒரு இரும்புத் தகடு பதித்திருக்கும். ஊசியின் பின்முனையை அந்தத் தகட்டில் ஊன்றிக் கை முழுவதின் பலத்தையும் கொடுத்துக் கித்தானுக்குள் தள்ளுவார்கள். அம்மம்மாவின் கைக்கு அது பெரிது. உள்ளே பழந்துணி வைத்துத் தைத்து அளவாக்கி வைத்திருந்தார். கப்பற் பாய்க்காகச் செய்த அந்தப் பட்டியைக் கட்டிக்கொண்டு அவர் திண்ணையில் போர்வை தைப்பது எனக்கு நினைவு தெரிந்த நாள்முதல் கண்ட காட்சி.

வெயில் கொளுத்தும் ஊரில் போர்வை எதற்கு என்று கொழும்பிலிருந்து வந்த உறவினர்கள் கேட்பார்கள். கார்த்திகையில் வாடைக்காற்று ஏறினால் தை முடியும்வரை விடாது. கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து ஓட்டுக்குக் கீழே இறக்கும். சீமெந்துத் தரையில் பன்பாயை மட்டும் விரித்துப் படுத்தால் விடியற்காலையில் முதுகு விறைத்துப் போகும். கச்சான் வீசும் மாதங்களில் அதே போர்வையை நாலாக மடித்துக் கைக்குழந்தையைக் கிடத்துவோம். ஏணைக்கு அடியிலும் அதுதான். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் துண்டுப்போர்வை.

மேலே துண்டுகள், நடுவில் கட்டிக்கட்டி நைந்த இரண்டு வேட்டி, கீழே கோதுமை மா வந்த பருத்திச் சாக்கைப் பிரித்து வெளுத்த துணி. நாலு அடுக்கையும் சேர்த்து ஒரு அங்குல இடைவெளியில் வரிவரியாக நூலோட்டம். எழுபதுகளின் முதல் பாதியில் இறக்குமதி இறுகிக் கிடந்தது. பிடவைக்கடைத் தட்டுகளில் எடுக்க ஒன்றும் இராது. மாச்சாக்கைச் சாம்பல் தண்ணீரில் அவித்து, அதில் அச்சடித்திருந்த ஆங்கில எழுத்துப் போகும்வரை கல்லில் அடிப்போம். முழுவதும் போகாது. என் சின்ன வயதுப் போர்வையின் அடிப்பக்கத்தில் நீல நிறத்தில் பாதி எழுத்துகள் கிடந்தன. நான் ஆங்கில நெடுங்கணக்கைப் பழகியது அவற்றில்தான். 1980இல் சீனன்குடாவில் பிறீமா மா ஆலை ஓடத் தொடங்கி, மா நம்மூரிலேயே அரைபட்டு வந்தது. ஆனால் அம்மம்மாவுக்கு எப்போதும் அந்தப் பழைய சாக்குத்துணிமேல்தான் நம்பிக்கை. சாக்குத்துணி தோய்க்கத் தோய்க்க மெதுமையாகும், கடைத்துணி தோய்க்கத் தோய்க்க மெலியும் என்பார்.

துண்டுகள் வந்தது பெரும்பாலும் பாலையூற்றிலிருந்து. அங்கே ஒரு பறங்கி அன்ரி கால்மெஷினில் ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தார். வீட்டுக்குள் போர்த்துக்கீசம் கலந்த தங்கள் மொழி, எங்களோடு தமிழ். சனிக்கிழமைகளில் நானும் அம்மம்மாவும் நடந்து போய் அந்தக் கிழமைப் பையை வாங்கி வருவோம். அன்ரி காசு வாங்குவதில்லை. பதிலுக்கு அம்மம்மா முருங்கைக்காயோ, வருஷத்துக்கு ஒரு சின்னப் போர்வையோ கொடுப்பார். அன்ரிக்குச் சிவப்பு வேண்டும், நத்தாருக்கு மேசை விரிப்புத் தைக்க. எங்களிடம் சிவப்பும் மஞ்சளும் மிகுந்து கிடக்கும். அவரிடம் பூப்போட்ட சீத்தை மிகுந்து கிடக்கும். இருவரும் தரையில் இருந்து துண்டு மாற்றுவதைப் பார்க்க எனக்குச் சீட்டாட்டம் போல இருக்கும்.

பையை அவிழ்த்தால் எந்த மாதம் என்று சொல்லிவிடலாம். மார்கழிக் கடைசியிலும் தையிலும் முழுக்க வெள்ளை, பள்ளிக்கூடச் சட்டை. சித்திரைக்கு முன்னால் மினுக்கமும் கரைச் சரிகையும். ஐப்பசியில் தீபாவளிப் பாவாடைத் துணி. நத்தாருக்கு மெல்லிய வலையும் லேஸ் நுனிகளும். கிண்ணியாவிலிருந்து மிதவைப் பாதையில் ஏறிக் கடலைக் கடந்து வருகிற பெண்கள் நோன்புப் பெருநாளுக்கு சட்டீன் தைக்கக் கொடுப்பார்கள். (அப்போது அங்கே பாலம் இல்லை. பாலம் 2009இல் வந்தது.) பெருநாள் வருஷத்துக்கு 11 நாள் போல முன்னே நகர்ந்து வருவதால் அந்தச் சட்டீன் துண்டு மட்டும் ஒரே மாதத்தில் நிற்காது. ஒரு வருஷம் சீத்தையோடு வரும், சில வருஷம் கழித்து வெள்ளையோடு வரும். ஒரு ஊரின் வருஷம் முழுவதும் ஒரு பையில் கிடந்தது. எங்கள் போர்வைகளில் எல்லாச் சாதியும் எல்லாச் சமயமும் பக்கத்தில் பக்கத்தில் தைபட்டுக் கிடந்தன. அதைப் பெரிய விஷயமாக அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை. பிறகு வந்த வருஷங்களில்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு விளங்கியது.

கையகலக் கணக்கின் அர்த்தத்தை நான் கணக்குப் போட்டே அறிந்தேன். சின்னத் துண்டையெல்லாம் ஏன் தலையணைக்குள் அடைக்கிறீங்கள், அவற்றையும் ஒட்டித் தைக்கலாமே என்று ஒருநாள் சண்டை பிடித்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். அம்மம்மா மறுத்துப் பேசவில்லை.

“கொப்பியைக் கொண்டா. கணக்குப் பார்ப்பம்.”

கை அளவில் வெட்டிய சதுரம் 5 அங்குலம். கைத்தையல் பிரியாமல் நிற்க ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் மடிப்புக்குள் போகவேண்டும். தைத்து முடிந்தால் வெளியே தெரிவது 4 அங்குலம். 25 சதுர அங்குலத் துணியில் 16 தெரிகிறது, 9 உள்ளே போகிறது. 60க்கு 80 அங்குலப் போர்வைக்கு இப்படி 300 சதுரம் வேண்டும். இதையே 3 அங்குலத் துண்டில் செய்தால் தெரிவது 2 அங்குலம். 9இல் 4 தெரியும், 5 மடிப்புக்குள் போய்விடும். பாதிக்கு மேல் துணியை மடிப்புக்குள் புதைத்து, 1200 துண்டு தைக்கவேண்டும். நூலும் அதற்குத் தகுந்தபடி ஏறும்.

“துணியை மிச்சம் பிடிக்கிறம் எண்டு துணியைத் திண்ணுறது அது. சின்னத் துண்டு தலையணைக்குள்ள போனா முழுசா வேலை செய்யும். ஒரு நூலும் வீணில்லை, பிள்ளை.”

அதன் பிறகு நான் பத்திரிகைகளில் உலகப் போர்வைகளின் படங்களைப் பார்த்திருக்கிறேன். நகத்தளவு அறுகோணங்களை ஆயிரக்கணக்கில் சேர்த்த ஐரோப்பியப் போர்வைகள் கண்ணைப் பறிக்கும். அவற்றைத் தைத்தவர்களுக்கு நேரம் இருந்திருக்கிறது என்றே தோன்றும். என் மனம் நிற்பது கர்நாடகத்து உத்தர கன்னட மாவட்டத்தில் சித்திப் பெண்கள் தைக்கும் கவந்தியில். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழியினர் அவர்கள். பழஞ்சேலையை விரித்து, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருகிறார்கள். மூலைகளில் மடித்த துணியைச் செருகிப் பூ வைக்கிறார்கள். சதுரமாக வெட்டும் வேலை அங்கே இல்லை. துண்டு எந்த வடிவில் வருகிறதோ அந்த வடிவிலேயே ஓரத்தை மடித்து வைக்கிறார்கள். அம்மம்மா நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போனவர். இருவரையும் ஒரு திண்ணையில் இருத்தியிருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அளவைத் தாண்டினால் அடுத்த சோதனை துணியின் சாதி. நிறத்தை அவர் கடைசியில்தான் பார்ப்பார். வொயிலோடு வொயில், பொப்லினோடு பொப்லின். தடித்ததும் மெல்லியதும் பக்கத்தில் இருந்தால் தடித்தது மெல்லியதை இழுத்துக் கிழிக்கும். சிவப்பும் கருநீலமும் வெட்டுவதற்கு முன் உப்புத் தண்ணீரில் ஊறும். சாயம் இறங்குவது நிற்கும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப்போடுவார். கழுத்தும் கைக்குழியும் வெட்டியதில் வருகிற வளைந்த துண்டுகள் மூலைவாட்டில் இழுபடும். அவற்றைச் சதுரமாக வெட்டினாலும் தைத்த பிறகு கோணலாகும். எனவே அவை எவ்வளவு பெரிதானாலும் தலையணைக்கு. துணியின் சாதியை மதிக்காமல் நான் ஒரு போர்வை தைத்தேன். மாமாவின் டெட்ரோன் சேர்ட் துண்டுகள் புத்தம் புதிதாய், கசங்காமல், வரிசையாய் இருந்தன. பருத்திக்கு நடுவில் ஒரு சிலுவைபோல் அவற்றை வைத்தேன். முதல் தோய்ப்பில் பருத்தி சுருங்கியது, டெட்ரோன் சுருங்கவில்லை. போர்வை முழுவதும் கொப்புளம் கொப்புளமாய் எழுந்து நின்றது. அம்மம்மா அதை வெயிலில் விரித்து, கொப்புளங்களைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். இருவரும் இரண்டு நாள் பிரித்தோம். பிரித்த நூலைக்கூட எறியவில்லை. ஊசிக்குத்தியில் அடைத்தோம். அதில் ஏற்கெனவே அவருடைய உதிர்ந்த தலைமயிர் இருந்தது. கடற்காற்றில் ஊசி ஒரு கிழமையில் துருவேறும். எண்ணெய் ஊறிய மயிரில் குத்திவைத்தால் ஏறாது.

அம்மா வேறு மாதிரி. அவருக்குத் துண்டுகள் மேல் ஆசை, தைப்பதில் தயக்கம். பட்டுத் துண்டு, ஜோர்ஜெட் துண்டு, 1966இல் தன் கலியாணக் கூறையோடு வந்த பட்டில் சட்டை தைத்தபோது மிஞ்சிய துண்டு என்று நல்லதாகப் பார்த்து ஒரு தகரப்பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தார். ஒருநாள் ஏதாவது நல்லதாகச் செய்யவேண்டும் என்பார். அம்மம்மாவின் சட்டம் வேறு: போன வருஷத் துண்டு தைப்பொங்கலைத் தாண்டக்கூடாது. தைத்து முடியாததை யாருக்காவது கொடுத்துவிடவேண்டும். பெட்டிக்குள் இருக்கிற துணி பூச்சிக்குத்தான் என்று அவர் சொல்ல, எல்லாவற்றையும் தரையில் விரிக்கவா முடியும் என்று அம்மா திருப்பிக் கேட்பார். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கூறைப்பட்டைக் கால்படும் இடத்தில் போட எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்?

1990 யூனில் உள்நாட்டுப் போர் மறுபடி தொடங்கியது. நாங்கள் வீட்டைவிட்டு இறங்கியபோது எடுக்க முடிந்தது கையில் பிடிக்கிற அளவுதான். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் ஒரு பொலித்தீனில், அதைச் சுற்றி ஒரு துண்டுப்போர்வை, அதன்மேல் கயிறு. தம்பிக்கு அவனுடைய தலையணை இல்லாமல் நித்திரை வராது. பத்து வயதுப் பையன், வாயைத் திறந்து கேட்கவில்லை, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். ஒருவரும் அதைக் கீழே வை என்று சொல்லவில்லை. தகரப்பெட்டி கட்டிலுக்கு அடியில் நின்றது.

பல இடம் மாறி, மன்னார்க் கரையிலிருந்து இரவில் வள்ளம் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போனோம். அங்கே போர்வை சுவராக இருந்தது. ஒரு அறையில் இரண்டு குடும்பம். நடுவில் கயிறு கட்டி அதைத் தொங்கவிட்டோம். அடுத்த பக்கத்துப் பிள்ளை சதுரங்களை எண்ணிப் பழகினாள். முகாமுக்கு வெளியே ஒரு தையற்காரர் இருந்தார். அவரிடம் அம்மம்மா வெட்டுத்துணி கேட்டபோது, “பிட்டுத் துணியா பாட்டி?” என்றார். எங்களுக்குப் பிட்டு என்றால் தேங்காய்ப்பூவோடு அவித்துச் சாப்பிடுவது. அம்மம்மா கொஞ்ச நேரம் விளங்காமல் நின்று, விளங்கியதும் சிரித்தார். அகதியாய் வந்த பிறகு அவர் சிரித்ததை நான் கண்டது அன்றுதான் முதல்முறை. அந்த வருஷ மார்கழிக்குள் பிட்டுத் துணியில் ஒரு போர்வை முடிந்தது. கைப்பட்டி ஊரில் விடுபட்டுப் போயிருந்ததால், பழைய செருப்புத் தோலை வெட்டி உள்ளங்கையில் கட்டிக்கொண்டு தைத்தார்.

1992இல் திரும்பி வந்தோம். ஓடு இருந்தது, கதவு இல்லை. கட்டில் இல்லை, பெட்டி இல்லை. அம்மா கட்டில் நின்ற இடத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டியைப் பற்றி அம்மம்மா அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னே எத்தனையோ முறை சொன்னவர். அடுத்த வருஷம், 1993இல், அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இலவசச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கியது. தை மாதத்தில் ஊர் முழுவதும் வெள்ளை வெட்டியது. பாலையூற்றுக்கு அன்ரியைத் தேடிப் போனோம். அவர்கள் வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். எங்கே போனார்கள் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அந்த வருஷத்துப் போர்வை முழுவதும் பக்கத்து வீடுகளில் வாங்கிய வெள்ளைச் சதுரங்கள். நிறமில்லாமல் அம்மம்மா தைத்தது அது ஒன்றுதான். 1999இல் அவர் போனபோது அதைத்தான் அவர்மேல் போர்த்தினோம்.

2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த துணியைப் பற்றியும் சொல்லவேண்டும். அம்மம்மாவின் பாடத்தை நான் பொது வேலையில் பயன்படுத்தியது அப்போதுதான். கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் கடல் கொண்டுபோன வீடுகளுக்கு உலகம் எங்கிருந்தெல்லாமோ உடுப்பு வந்து குவிந்தது. நல்ல மனதோடு அனுப்பியிருந்தார்கள். ஆனால் மூட்டையை அவிழ்த்தால் பனிக்காலக் கம்பளிக் கோட்டு, ஒற்றைக் காலுறை, திருமணக் கவுன். சேலையும் சாரமும் உள்ளுடுப்பும் தேவைப்பட்டவர்கள் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? குவியல் மழையில் நனைந்து மணக்கத் தொடங்கியது. நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்து கோட்டுகளைப் பிரித்தோம். பொத்தானும் சிப்பும் தனியே. உள்லைனிங் வழுவழுப்பானது, பைக்கு உள்துணியாகும். வெளிக் கம்பளியைத் தையல் தையலாய்ப் பிரித்து விரித்தால் ஒரு கோட்டில் எவ்வளவு துணி! அதைப் போர்வையின் நடு அடுக்காக வைத்து, மேலும் கீழும் பருத்தி போட்டுத் தைத்தோம். வாடை மாதம். தரப்பாள் கூடாரங்களில் ஈரத்தரையில் படுத்தவர்களுக்கு அது உதவியது. எத்தனை தைத்தோம் என்று கணக்கு வைக்கவில்லை. என் கைக்கு ஒரு வயதுப் பிள்ளையின் சின்னக் கோட்டு ஒன்று வந்தது; அதன் பைக்குள் ஒரு கூழாங்கல் இருந்தது. அதை மட்டும் நான் பிரிக்கவில்லை.

போன வைகாசியில் தம்பியின் தலையணையைத் தோய்க்கவேண்டி வந்தது. கனடாவில் இருக்கிற அவன் அதை அம்மாவிடம் விட்டுப் போயிருந்தான். மேலுறை எத்தனையோ முறை மாறியிருக்கிறது. உள்ளே இருப்பதை 1990க்கு முன்னால் அடைத்த பிறகு யாரும் அவிழ்க்கவில்லை. முற்றத்தில் ஒரு வெள்ளைச் சேலையை விரித்து, ஒரு பக்கத் தையலைப் பிரித்துக் கொட்டினேன். சீத்தை, வொயில், பள்ளி வெள்ளை, சட்டீன் நுனி, எல்லாம் இறுகிக் கட்டியாய் வந்தன. விரலால் உதிர்த்து உதிர்த்து வெயிலில் பரப்பினேன். அம்மா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு 82 வயது, கண் ஒன்று மங்கல்.

நடுவில் அரக்கு நிறத்தில் ஏதோ மினுங்கியது. எடுத்தேன். பிறைபோல வளைந்த பட்டுத் துண்டு, ஒரு ஓரத்தில் மயிரிழைச் சரிகை. அம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை, பெருவிரலால் வளைவைத் தடவினார். ஒரு முறை, பிறகு திரும்பவும் ஒரு முறை.

“இது கைக்குழி வெட்டினது,” என்றார். “இடப்பக்கம். அம்மா எனக்கு அந்தக் கை இறுக்கம் எண்டு இரண்டாந்தரம் வெட்டினவ.”

மற்றதையும் தேடினோம். மாலைவரை உதிர்த்து மூன்று துண்டு கிடைத்தது. எல்லாம் கையகலத்துக்குக் குறைந்தவை. வெயில் தாழ்ந்ததும் காய்ந்ததையெல்லாம் நான் உறைக்குள் அள்ளினேன். அந்த மூன்றையும் வெளியே எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மூன்றையும் தானே உள்ளே வைத்து, ஆழத்தில் தள்ளி, என்னிடம் ஊசியில் நூல் கோர்த்துத் தரச்சொன்னார்.